டிராக்டருக்கு முன்னால் போன டிரெய்லர்

டிராக்டர் என்றால் டிரெய்லர் பின்னால்தான் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் வீட்டுக் களத்துக்கு வந்தால் டிரெய்லர் முன்னால் போகும், டிராக்டர் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். முதல் தடவை இதைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா சித்தப்பாவிடம், "என்னடே, தூக்கக் கலக்கத்துல மாத்திப் பூட்டிட்டியா?" என்று கேட்டார்.

மாற்றிப் பூட்டவில்லை. தெரிந்தேதான் பூட்டினோம். டிராக்டரின் முன்பக்க பக்கெட்டில் ஒரு கொக்கியை வெல்டிங் வைத்து, அதில் டிரெய்லரின் மூக்கை மாட்டித் தள்ளுவது. இன்றைக்கு எழுதப்போவது அந்தக் கொக்கியைப் பற்றித்தான்.

பி.காம் படிக்கிற பிள்ளைக்கு டிராக்டர் கொக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டியையே பயந்து பயந்துதான் ஓட்டுவேன். ஆனால் சித்தப்பாவின் டிராக்டர் வாடகைக் கணக்கை எழுதுவது நான்தான். அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சி. திருநெல்வேலியில் இருந்து தென்காசி போகும் ரயிலில் ஏறினால் அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர் தாண்டி வரும். மேற்கே மலை. மலையில் இருந்து இறங்கும் கடனா நதி எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தாமிரபரணியோடு போய்ச் சேரும். 2019 நவம்பரில் இருந்து நாங்கள் தென்காசி மாவட்டம். இருந்தாலும் வெளியூரில் யாராவது கேட்டால் "திருநெல்வேலிப் பக்கம்" என்றுதான் வாயில் வருகிறது. கார், பிசானம் என்று இரண்டு போகம். இரண்டுக்கும் சித்தப்பாவின் டிராக்டர் ஓயாமல் ஓடும்.

அந்த டிராக்டருக்கு முன்னால் பக்கெட் உண்டு. எருக்குழியில் இருந்து சாணி அள்ள, செம்மண் அள்ள, வீடு இடித்த இடத்தில் கல் அள்ள என்று வாடகைக்குப் போகும். கூடவே இரண்டு டிரெய்லர். இரண்டும் இரண்டு சக்கர டிரெய்லர்கள். நான்கு சக்கரம் உள்ளது தன் காலில் தானே நிற்கும். இரண்டு சக்கர டிரெய்லர் அப்படி இல்லை. அதன் பாரத்தில் ஒரு பங்கு மூக்கில் இறங்கும். மூக்கை டிராக்டர் தாங்க வேண்டும், இல்லையென்றால் கட்டையோ கல்லோ தாங்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் களம். களம் மேடு. தண்ணீர் தேங்கக் கூடாது என்று தாத்தா காலத்தில் மண் அடித்து உயர்த்தியது. களத்தில் இருந்து வாய்க்கால் பக்கமாக இறங்கினால் டிரெய்லர் நிறுத்தும் கொட்டகை. பத்தடி போனால் ஓரடி இறங்குகிற மாதிரி ஒரு சரிவு. கொட்டகைக்கு ஒரே வாசல்தான். உள்ளே கடைசியில் சுவர். இந்தச் சரிவையும் அந்தச் சுவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே வாசல் என்பதால் டிரெய்லரை வால் முதலில் போகும்படிதான் உள்ளே விட வேண்டும். அதாவது ரிவர்ஸ். டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸ் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வித்தை. டிரெய்லரின் வால் இடது பக்கம் போக வேண்டும் என்றால் அதன் மூக்கு வலது பக்கம் போக வேண்டும். மூக்கு வலது பக்கம் போக டிராக்டரின் பின்பக்கம் வலது பக்கம் போக வேண்டும். அதற்கு முன்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இத்தனையையும் கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்பிக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு நொடி பிந்தினால் டிரெய்லர் பேனாக்கத்தி மாதிரி மடங்கிவிடும். மறுபடி முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி ரிவர்ஸ்.

இந்த வம்பே வேண்டாம் என்று சித்தப்பா முன்பெல்லாம் டிரெய்லரைக் களத்திலேயே கழற்றிவிட்டு, நாலு ஆளைக் கூப்பிட்டுக் கையால் தள்ளிக் கொண்டுபோவார். இரண்டு பேர் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, இரண்டு பேர் சக்கரத்துக்கு அண்டைக்கல் போட்டுக்கொண்டே போக, மெல்ல மெல்ல இறக்குவார்கள். ஒரு நாள் மூக்கைப் பிடித்திருந்த டிரைவர் அண்ணனுக்குக் கை வழுக்கிவிட்டது. மூக்கு நேராக அவர் கால் மேல். பெருவிரல் நகம் போய், ஒரு மாதம் செருப்புப் போட முடியாமல் நடந்தார்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பாவுக்கு இந்த யோசனை வந்தது. "பின்னால மாட்டித் தள்ளுனாத்தானே கழுத்து வலிக்கி? முன்னால மாட்டித் தள்ளுவோம்."

வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. பக்கெட்டின் கீழ்விளிம்புக்கு நடுவில் கனமான இரும்புப் பட்டை வைத்து, அதன் மேல் துளை போட்ட இரண்டு தகடு. அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் டிரெய்லரின் மூக்கு வளையம் நுழையும். மேலிருந்து பின் போட்டு, பின் எகிறாமல் கீழே ஒரு கிளிப். மொத்தச் செலவு 3,500 ரூபாய். கணக்கில் நானே எழுதினேன்.

பார்க்க வேண்டுமே அந்த அழகை! மூக்கைத் தூக்க ஆள் வேண்டாம். பக்கெட்டைத் தரையோடு இறக்கி, வளையத்துக்கு நேராக வண்டியைக் கொண்டுபோய், பின்னைப் போட்டு, லீவரைத் தொட்டால் போதும். மூக்கு தானாக எழும்பும். ஓட்டுகிறவர் நேராக உட்கார்ந்து, காலி டிரெய்லருக்கு மேலாக எதிரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தள்ளலாம்.

ஒரு விஷயத்தை நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். முன்னால் மாட்டினால் ஸ்டியரிங் தலைகீழ் விதி மாறிவிடும் என்று நினைத்தேன். மாறாது. டிரெய்லரின் வால் இடது பக்கம் போக இப்போதும் மூக்கு வலது பக்கம்தான் போக வேண்டும். தள்ளப்படுகிற எதற்கும் அதுதான் விதி. மாறியது இரண்டு விஷயம். ஒன்று, கழுத்தைத் திருப்ப வேண்டாம். இரண்டு, டிராக்டரைத் திருப்புவது முன்சக்கரம். கொக்கியும் இப்போது முன்சக்கரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்டியரிங்கை அசைத்த உடனே மூக்கு அசைகிறது. பின்னால் மாட்டியிருக்கும்போது முன்சக்கரம் திரும்பி, வண்டி திரும்பி, அதற்கப்புறம்தான் மூக்குக்குச் சேதி போய்ச் சேரும். அந்தத் தாமதம்தான் டிரெய்லரை மடக்கிவிடுவது.

இது சித்தப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுப் பண்ணைகளில் பக்கெட்டிலும் ஃபோர்க்லிஃப்டிலும் கொக்கி வைத்து டிரெய்லரை நகர்த்துவது ரொம்ப சாதாரணம். படகு வைத்திருப்பவர்கள் காரின் முன்பக்கத்திலேயே கொக்கி வைத்துப் படகு டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளுகிறார்கள். விமான நிலையத்தில் விமானத்தைப் பின்னால் தள்ளும் குட்டி வண்டியும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம களமும் ஏர்போர்ட்டுதான்" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். நாலு பேருக்கு டீ, வடை. அறுவடை நேரத்தில் என்றால் அரை நாள் கூலி. ரிவர்ஸ் எடுக்கிற நேரத்தில் எரியும் டீசல். எல்லாம் கூட்டிப் பார்த்தால் கொக்கிக்குப் போட்ட 3,500 ரூபாய் ஒரே போகத்தில் திரும்பி வந்துவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் போட்டுச் சித்தப்பாவிடம் காட்டினேன். "படிச்ச புள்ளைன்னா இதுதான்" என்று சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இனிமேல்தான் விஷயம்.

போன பிசான அறுவடை. களத்தில் காய்ந்த நெல்லை மூட்டை பிடித்து டிரெய்லரில் ஏற்றி வைத்திருந்தோம். 40 கிலோ மூட்டை 50. மறுநாள் காலையில் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டும். சாயங்காலம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதுவும் கிழிசல். கொட்டகைக்குள் விட்டால் பயமில்லை. பின்னால் மாட்டி ரிவர்ஸில் விட வேண்டும் என்றால் முதலில் டிராக்டரைச் சுற்றிக் கொண்டுவந்து திருப்ப வேண்டும். பக்கெட் டிரெய்லருக்கு நேராகவே நின்றது.

நான்தான் சொன்னேன். "பக்கெட்லயே மாட்டித் தள்ளிருங்க சித்தப்பா."

அவர் கொஞ்சம் தயங்கினார். "லோடு இருக்குட்டி."

"முப்பதடி தூரந்தானே. தெனமும் தள்ளுததுதானே."

இந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. சித்தப்பா மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். படித்த பிள்ளை சொல்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ.

சித்தப்பா மகன், ஏழாவது படிக்கிற தம்பி, வழக்கம் போலக் கொட்டகைக்குள் ஓடிப்போய்க் கடைசிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டான். "வா... வா... ரைட்டு..." என்று சொல்வது அவன் வேலை. காலி டிரெய்லர் என்றால் சித்தப்பாவுக்கு அவன் தலை தெரியும். அன்றைக்கு மூட்டை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தது. அவன் நிற்பது சித்தப்பாவுக்குத் தெரியவே இல்லை. குரல் மட்டும்தான் கேட்டது.

சமதளத்தில் ஒன்றும் ஆகவில்லை. டிரெய்லர் சக்கரம் சரிவில் இறங்கிய உடனே வேகம் கூடியது. டிராக்டர் தள்ளவில்லை, டிரெய்லர்தான் டிராக்டரை இழுத்தது. சித்தப்பா கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். பின்சக்கரம் இரண்டும் நின்றுவிட்டது. நின்ற சக்கரத்தோடேயே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. களத்தில் இருந்து சரிவு வரைக்கும் வைக்கோல் தூளும் சிந்தின நெல்லும். நெல்மணி மேல் சக்கரம் உருளவில்லை, சறுக்கியது.

"வா... வா..." என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான்.

நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கத்தினேன் என்று சித்தி சொல்கிறாள். சித்தப்பா லீவரை முழுசாகக் கீழே தள்ளினார். பக்கெட் தொப்பென்று தரையில் விழுந்து, மண்ணைக் கீறிக்கொண்டே போய் நின்றது. டிரெய்லரின் மூக்கும் கூடவே குப்புறக் குத்தி நின்றது. வாலுக்கும் சுவருக்கும் நடுவில் தம்பி. அவன் நெஞ்சுக்கும் டிரெய்லருக்கும் இடையில் இரண்டு சாண் இருந்தது.

அவன் நகரவே இல்லை. எப்பவும் போல வந்து நிற்கும் என்று நினைத்திருக்கிறான்.

மழை அன்றைக்குப் பெய்யவில்லை. அது வேறு.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, கணக்குப் போட்டுப் பார்ப்பது. போட்டேன்.

நெல் 2,000 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை சுமார் 1,000 கிலோ. டிராக்டர் சுமார் 2,000 கிலோ. மொத்தம் 5,000 கிலோ. பத்தடிக்கு ஓரடி சரிவு என்றால் இந்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ, கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. நம் ஊர் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரம் இரண்டுக்கும்தான், முன்சக்கரத்துக்கு இல்லை. ஆக, 500 கிலோ இழுப்பைப் பிடித்து நிறுத்த வேண்டியது இரண்டே சக்கரம். அந்தச் சக்கரம் தரையைப் பிடிக்க வேண்டும் என்றால் அதன் மேல் பாரம் இருக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரத்துக்குப் பாரம் குறைகிறது. கீழே நெல்மணி வேறு.

சமதளத்தில்கூட முன்கொக்கி இதே திருட்டைச் செய்கிறது. மூக்கில் 300 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். கொக்கி முன்சக்கரத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இரண்டு மீட்டர். பூங்காவில் இருக்கிற சீசா மாதிரிதான், நடுவில் முன்சக்கரம். 300-ஐ ஒன்றரையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 225. பின்சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் 225 கிலோ காணாமல் போகிறது. முன்சக்கரத்தின் மேல் 525 கிலோ கூடுகிறது. ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். பிரேக் பாதி செத்துப்போனது தேவைப்படும்போதுதான் தெரியும்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்தக் கொக்கிக்கு நாங்கள் சொன்ன பெரிய நன்மையே கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பது. லோடு ஏற்றினால் அந்த நன்மையே இல்லை. மூட்டைக்குப் பின்னால் பிள்ளை நிற்பது தெரியாது. முன்கொக்கி காலி டிரெய்லருக்கான சாமான். அதை லோடு டிரெய்லருக்கு வைத்துக்கொண்டவள் நான்.

கொக்கியை எங்கே வைக்கிறோம் என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் பாதியை இதற்கே கொடுத்திருக்கிறார். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின்சக்கரம் நிற்காமல் சுற்றப் பார்க்கும், டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். இப்படிச் செத்தவர்கள் நிறையப் பேர். ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து, ஹைட்ராலிக்கோடு சேர்த்தார். கலப்பை மாட்டிக்கொண்டால் மேல் கம்பி டிராக்டரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்துகிற மாதிரி அமைத்தார். 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம், 1939-ல் ஃபோர்டு டிராக்டரில் அந்த அமைப்பு வந்தது. 1953-ல் ஃபெர்குசனின் கம்பெனி மாஸ்ஸி ஹாரிஸோடு சேர்ந்தது. மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று பிடிதான் இருக்கும்.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரை இந்தியாவில் தயாரிக்க 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி டாஃபே. அதைத் தொடங்கியது அமால்கமேஷன்ஸ் குழுமம். அந்தக் குழுமத்தை உருவாக்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905-1964) ஆழ்வார்குறிச்சிக்காரர். அவருக்குப் பின் டாஃபேயை வளர்த்தவர் அவர் மகன் ஏ. சிவசைலம், 2011-ல் காலமானார். சிவசைலம் என்பது எங்கள் ஊருக்கு மேற்கே மலையடியில் இருக்கிற கோயில் ஊரின் பெயர். சாமி சிவசைலநாதர், அம்மன் பரமகல்யாணி. எங்கள் ஊர்க் கல்லூரிக்கும் அந்த அம்மன் பெயர்தான். எந்த டிராக்டரைப் பார்த்தாலும் "நம்ம ஊர் ஆளுல்லா" என்று பீற்றிக்கொள்கிற ஊர் இது. (சித்தப்பா வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது.)

ஃபெர்குசன் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். கொக்கியைப் பின்னால் தாழ்வாக வைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணத்துக்கு மனித உயிர் விலையாகப் போயிருக்கிறது. நாங்கள் அதைக் கழற்றி முன்னால் வைத்தோம். முன்னால் வைப்பது பாவம் இல்லை. ஆனால் பின்னால் இருந்தபோது அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்காமல் வைத்தோம். பக்கெட்டும் அதன் கைகளும் மண்ணை அள்ளித் தூக்குவதற்குச் செய்தவை. பக்கவாட்டில் இழுத்துத் திருகுவதற்குச் செய்தவை இல்லை. மறுநாள் வெல்டிங்காரர் வந்து பார்த்துவிட்டு, கொக்கித் தகட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டினார். அது அன்றைக்கு வந்ததா, முந்தியே இருந்ததா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கொக்கியை அறுத்து எறிந்துவிடலாம் என்று நான் சொன்னேன். சித்தப்பா கேட்கவில்லை. "அறுத்துட்டா மறுபடி நாலு பேரு மூக்கத் தூக்கணும். மறுபடி ஒருத்தன் காலு போவும். சாமான் மேல கோவப்படாத. எதுக்கு உள்ளதோ அதுக்கு வச்சுக்கிடணும்." விரிசலை அரைத்து எடுத்து, இன்னும் கனமான தகடு வைத்து மறுபடி வெல்டிங் வைத்தார்.

அதன் பிறகு எங்கள் களத்தில் சில சட்டங்கள் வந்தன. கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் நான்தான் எழுதினேன்.

காலி டிரெய்லர் மட்டும் முன்னால். லோடு என்றால் எவ்வளவு நேரமானாலும் பின்னால் மாட்டித்தான்.

முன்னால் மாட்டும்போது டிராக்டரின் பின்பக்கம் கொத்துக்கலப்பை மாட்டியிருக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு அதுதான் பாரம். (டயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவதும் இதற்குத்தான். பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று இப்போதுதான் தெரியும்.)

பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் கியர் மட்டும். சரிவில் கிளட்சை மிதிக்கக் கூடாது, இன்ஜினே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பின்னைப் போட்டவர் கிளிப்பையும் போட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுக்காமல் பின்னைக் கழற்றக் கூடாது. இன்ஜினை நிறுத்துவதற்கு முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும், ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. டிரெய்லர் போகிற திசையில் யாரும் நிற்கக் கூடாது. வழி சொல்கிறவர் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஆள் தெரியவில்லை என்றால் வண்டி நிற்கும். ரயில்வேயில் பெட்டிகளைத் தள்ளும்போது கொடியோடு ஒருவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். அவர் மறைந்தால் இன்ஜின் நிற்க வேண்டும். அதே சட்டம்தான். இத்தனை வருஷம் எங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகப் போய் வந்தும் நான் கவனிக்காதது.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி என்று ஒன்று வரும். இப்போது கொடுக்க வேண்டிய கடன் இல்லை, ஆனால் நாளைக்கு ஏதாவது நடந்தால் நம் தலையில் விழக்கூடிய கடன். அதை பேலன்ஸ் ஷீட்டின் கூட்டலில் சேர்க்க மாட்டார்கள். அடியில் குறிப்பாக எழுதுவார்கள். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி. நான் அதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன், இரண்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கொக்கியின் கணக்கில் டீ, வடை, கூலி, டீசல் எல்லாம் எழுதிய நான் அந்த அடிக்குறிப்பை எழுதவில்லை. மிச்சம் என்று காட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அடியில் அந்த இரண்டு சாண் இருந்திருக்கிறது.

இப்போது நோட்டில் கொக்கி என்று எழுதிய பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். தொகை எதுவும் போடவில்லை. எவ்வளவு என்று போடுவது?

தம்பிக்கு இப்போதும் வழி சொல்கிற வேலை உண்டு. வேலையை எடுத்துவிட்டால் அழுவான். களத்து ஓரத்து வேப்பமரத்தடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறோம், அதை விட்டு வெளியே வரக் கூடாது. போன வாரம் காலி டிரெய்லரைத் தள்ளும்போது நான் அவசரத்தில் வண்டிக்குக் குறுக்கே போய்விட்டேன்.

"ஏ அக்கா, நீதானே செவுத்துல எழுதுன? தள்ளிப் போ!" என்று வட்டத்துக்குள் நின்றுகொண்டே கத்தினான்.

சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டார். நான் தள்ளிப் போன பிறகுதான் எடுத்தார்.